ஏகாதசியில் விழுங்காத மாத்திரை

வாலாம்பாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று நாளாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல். ஸ்ரீவராகம் தெருவிலுள்ள வீட்டில் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். உட்கார்ந்தால் கை தானாக மார்புத் தழும்புக்குப் போனது.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இதய வால்வைத் தைத்துச் சரிசெய்து, சுற்றிலும் ஒரு வளையம் வைத்தார்கள். இதயம் சுருங்கினால் அதுவும் சுருங்கிக் கொடுக்கும். அன்றே அப்பளத்துக்கும் ஊறுகாய்க்கும் ஒரு கும்பிடு போட்டாள். வருஷா வருஷம் எக்கோ ஸ்கேன். தெருவில் யாருக்கு நெஞ்சு வலித்தாலும் அவளிடம்தான் யோசனை கேட்பார்கள். அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

ஒரே ஒரு நாள் கோட்டை விட்டாள். பல் பிடுங்கும் முன் நாலு மாத்திரை விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்க்கிருமி இரத்தத்தில் ஏறி வளையத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். போன மாசம் பல் பிடுங்கிய நாள் ஏகாதசி. மாத்திரையின் மேல்கூடு எலும்பில் செய்தது என்று யாரோ சொன்னது அன்றைக்குப் பார்த்து நினைவுக்கு வந்தது. நாலையும் துளசித் தொட்டியில் புதைத்துவிட்டு, பல் டாக்டரிடம் "ஆச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் மலையாள டாக்டர் பிஜு எக்கோவைப் பார்த்துச் சிரித்தார். "அம்மே, பதிமூணு வர்ஷம் கழிஞ்சும் வளையம் நன்னாயிட்டிருக்கு. இது வைரல் காய்ச்சலாயிருக்கும். பல்லு எடுத்தப்போ மருந்து சாப்பிட்டதல்லே?"

"அம்மாவா மறப்பா? எங்க தெருவுக்கே அவதான் டாக்டராக்கும்," என்றாள் மகள் பத்மப்ரியா.

பேசாமல் எழுந்தால் வீட்டுக்குப் போய்விடலாம். மானமும் மிஞ்சும். டாக்டர் சீட்டெழுதப் பேனாவை எடுத்துவிட்டார். வாலாம்பாளுக்கு வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"சாப்பிடலை," என்றாள். "அன்னிக்கு ஏகாதசியாக்கும். துளசித் தொட்டியில புதைச்சுட்டேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, அங்கேயே படுக்க வைத்து இரத்தம் எடுக்கச் சொன்னார். கிருமி இருந்தது. நல்லவேளை, வளையத்தில் இன்னும் ஒட்டிக்கொள்ளவில்லை. வாரக்கணக்கில் ஊசி போட்டார்கள். மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று வாலாம்பாள் கட்டிலில் புரண்டாள்.

அடுத்த ஏகாதசியன்று நர்ஸ் அஸ்வதி அதே மாதிரிக் கூடு மாத்திரை கொண்டுவந்தாள். பத்மப்ரியா காலண்டரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

வாலாம்பாள் தண்ணீர் வாங்கி விழுங்கினாள். "ஆச்சு" என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை மகள் இனி நம்பமாட்டாள். வாயை அகலத் திறந்து, பல் போன இடம் தெரிய, நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.