கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாதம்

சுனாமிக்கு அடுத்த வருஷம், நான் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கண்ணாடிப் பெட்டிகளில் கண்காட்சியாக வைத்தோம். தோல் நோய்கள் பற்றிய மிகப் பழைய புத்தகம் ஒன்றில் எந்தப் பக்கத்தைத் திறந்துவைப்பது என்று முடிவு செய்தவள் நான்தான். உப்பளத் தொழிலாளி ஒருவரின் பாதம், கையால் வண்ணம் தீட்டிய படம். ஒவ்வொரு வெடிப்பும் அவ்வளவு துல்லியம். பார்த்தவர்கள் பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மரக்காணத்திலிருந்து அம்மா பார்க்க வந்தாள். பாதி ஆயுசை உப்பு வாரியே கழித்தவள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அந்தப் பெட்டி முன்னால் நின்றாள். புடவையைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கால்களை மறைத்துக்கொண்டாள். பக்கத்தில் இரண்டு டாக்டர்கள் படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் காலு யாருதுடி?"

"பேரு போடலம்மா. வரைஞ்சவரு பேருதான் இருக்குது."

அம்மா கண்ணாடிக்குக் கிட்டே குனிந்தாள். "இதுக்கு என்னா மருந்துன்னு போட்டிருக்கா?"

அந்தப் புத்தகத்தை எத்தனையோ முறை தூசி தட்டியிருக்கிறேன். ஒரு வரிகூடப் படித்ததில்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் டாக்டர்கள் முன்னால், அம்மாவின் காலுக்காகப் பெட்டியைத் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"பூட்டியிருக்குதும்மா. சாவி ஆபீஸ்ல இருக்குது."

"சரி, விடு" என்று வெளியே போனாள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்வரை சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.