வெள்ளையை உப்பு என்றவர்

1. வரைபடத்தில் கனடாவின் மேடு பள்ளங்களுக்கு உயரத்தின்படி நிறம் கொடுப்பது, புதுச்சேரி நிறுவனம் ஒன்றில் என் வேலை.
2. தை மாதம் மரக்காணம் உப்பளத்தில் தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து மட்டம் எடுக்க அனுப்பினார்கள்.
3. வழக்கமாக என்ன வேலை என்று மேஸ்திரி கேட்டார். சொன்னேன்.
4. அதைக் கேட்டு, பாத்தி மிதித்துக்கொண்டிருந்த ஒருவர் கரையேறி வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். வெயிலில் சுருங்கிய கண்கள், உப்பில் வெடித்த கால்கள். பேசும்போதும் பாதங்கள் தரையை மிதித்து இறுக்கிக்கொண்டே இருந்தன.

“என் புள்ள கனடாவுல லாரி ஓட்டுறாம்மா. மலை ஏறப் போறேன்னு சொன்னான். ஐப்பசியோட சரி, ஃபோனே இல்ல. அந்த மலையக் கொஞ்சம் காட்டும்மா.”

லேப்டாப்பைத் திறந்தேன். நடுவில் சமவெளி பச்சை, மேற்கே மலைகள் பழுப்பு, உச்சிகள் வெள்ளை.

அவர் விரல் வெள்ளையில் நின்றது. முகம் தெளிந்தது. “உப்பளம் இருக்குதே! அப்போ பரவால்ல. எப்படியும் பொழைச்சுக்குவான்.”

“யோவ், பொட்டியில புள்ளையத் தேடுறியா? வந்து மிதிய்யா!” என்று மேஸ்திரி கத்தினார்.

“அது உப்பு இல்லைங்க, பனி,” என்றேன்.

“பனியா? எறங்க வழி இருக்குதா?”

“ரோடு இருக்குதுங்க.”

“ரோடு இருந்தா எறங்கி வந்து ஃபோன் பண்ணியிருப்பானே.”

அவர் பாத்திக்குத் திரும்பிவிட்டார். உப்பு என்றே விட்டிருக்கலாமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

அந்த மலைகளின் வரைபடத்தை முடித்துக் கொடுத்துவிட்டோம். இப்போது கனடாவின் வடக்குத் தீவுகளுக்கு நிறம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மேஸ்திரிக்கு அவ்வப்போது ஃபோன் செய்து விசாரிக்கிறேன். மகனிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை.