இழுத்தால் வளரும் நரம்பு

மேசைக்குக் கீழே கனகாவின் வலது கால் ஆடிக்கொண்டிருக்கிறது. நுண்நோக்கி இருக்கும் மேசை அதிரக்கூடாதென்று நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டிருக்கிறார். "இந்தக் கால் நின்னா எனக்கு மூச்சு நின்ன மாதிரிங்க" என்கிறார். கர்நாடகத்தில் தமிழர்கள் வாழும் ஊரான மார்டள்ளியில் பிறந்தவர், மைசூரில் பதினான்கு வருடமாக ஆய்வக வேலை. பஸ் நிற்பதற்குள் இறங்கிவிடுவார். காபி ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வார். இவரிடம் போய் இவ்வளவு மெதுவான வேலையைக் கொடுத்தவர் யாரோ, குறும்புக்காரர்.

வேலை இதுதான். ஒரு சிறு தட்டில் ஒட்டினாற்போல இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். இரண்டிலும் எலியிலிருந்து எடுத்த நரம்பு செல்கள். அவை இழை நீட்டி ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட பிறகு, ஒரு மோட்டார் தகடுகளை விலக்குகிறது, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். அந்த இழுப்பிலேயே இழை புதிதாக உடம்பு போட்டு வளர்கிறது. விபத்தில் அறுந்த நரம்புக்கு ஒருநாள் இதை ஒட்டலாம் என்று நம்புகிறார்கள். அவசரப்பட்டால் மட்டும் அறுந்துவிடும். "புள்ளைக வளரையில எலும்பு நரம்பை இழுக்குதில்லீங்களா, அதேதானுங்க."

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஊர் பஸ்ஸைப் பிடிக்கும் பரபரப்பில், திங்களுக்குள் வளர்ந்திருக்கட்டும் என்று வேகக் குமிழைத் திருகிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது எல்லா இழைகளும் நடுவில் அறுந்து, சுருண்டு கிடந்தன. "அழுதுபோட்டேனுங்க. யாரு மேலயும் பழி போட முடியலையே."

அதன்பின் புதிதாகத் தொடங்கியதில் இப்போது மிச்சம் ஒரே தட்டு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஒரு சென்டிமீட்டர் காட்டினால் திட்டமும் கனகாவின் வேலையும் இன்னும் மூன்று வருடம் நீளும். காட்டாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வியாழன் மாலை நான்கு மணிக்கு, இந்த வேலையைப் பற்றி எழுத வந்த நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இழை ஒன்பது மில்லிமீட்டர். இதே வேகத்தில் போனால் கால் மில்லிமீட்டர் குறையும் என்பது அவருக்கு மனப்பாடம்.

ஆய்வகத் தலைவர் சின்மயி கதவருகே வந்து தயங்கி நின்றார். "கனகா, ஸ்வல்ப வேகம் கூட்டிப் பாக்கலாமா? கொஞ்சமே கொஞ்சம்தான்."

"வேண்டாமுங்க மேடம். தாங்காதுங்க."

சின்மயி போய்விட்டார். கனகாவின் கை மட்டும் குமிழை விட்டுப் போகவில்லை. தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது.

சட்டென்று குமிழைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். மோட்டார் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்குக் கொண்டாந்தாப் போதுமுங்க. நடுவுல நானே போன் பண்ணிக் கேட்டாலும் குடுத்துப்போடாதீங்க" என்று என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.