பக்கத்து சீட்டில் பிரேக் இல்லை

ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள். டிரைவிங் ஸ்கூல் கார்களில், சொல்லிக் கொடுப்பவர் உட்காரும் பக்கத்து சீட்டின் முன்னாலும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். மற்ற வாத்தியார்கள் அதை ஆபத்துக்கு மிதிப்பார்கள். இவர் சாலையோரம் நாய் படுத்திருந்தால் மிதிப்பார். அது எழுந்தாலும் மிதிப்பார். நாயே இல்லாவிட்டால், எங்கே போய்த் தொலைந்தது என்ற கவலையில் மிதிப்பார். அதனால் அவருக்கு ஊர் வைத்த பெயர் பிரேக் வாத்தியார். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எதிர்ச்சாரியில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது. அதை நடத்தியவர் காரைச் சாலையில் ஏற்றிவிட்ட கையோடு தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிவிடுவார். வாத்தியார் அவரைத் தூங்குமூஞ்சி என்றுதான் சொல்வார். "அதெல்லாம் ஒரு தொழிலா? படுக்கையை வீட்டுல போட்டா என்னவாம்?" என்று பொரிந்து தள்ளுவார். ஆனால் தூங்குமூஞ்சியிடம் கற்றவர்கள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். இவரிடம் கற்றவர்கள் தேர்வில் பச்சை விளக்கைப் பார்த்தால்கூட நின்றுவிடுவார்கள். இந்த விஷயத்தை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவர். நோயாளிகளுக்கு அவர் ஊசியம்மா. எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி வந்து உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுத்தான்: "கண்ணை மூடிக்குங்க. முடிஞ்சதும் நான் சொல்றேன்." கண்ணைத் திறக்கும்போது பஞ்சு ஒட்டியிருக்கும், ஊசி போன இடம் தெரியாது. அப்படிப்பட்ட கை அது. அந்தக் கைக்குத்தான் வாத்தியார் ஒரு காலத்தில் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கப் புறப்பட்டார்.

மூன்றாம் நாளே முடிந்துவிட்டது. ஒரு திருப்பத்தில் வாத்தியார் போட்ட கூச்சலில், நாற்சந்தியில் நின்ற போலீஸ்காரர் தன்னைத்தான் யாரோ திட்டுகிறார்கள் என்று நினைத்து நடைபாதைக்கு ஓடினார். ஊசியம்மா காரை நடுரோட்டில் நிறுத்தினார். சாவியை எடுத்துக் கணவரின் சட்டைப் பையில் போட்டார். "இனிமே நீங்க இருக்கிற கார்ல நான் ஏறினா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்ற பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டார்.

அப்போது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது தூரத்து மலையூரில் அவளுக்கென்று ஒரு வீடு இருக்கிறது. இடைப்பட்ட காலம் முழுவதும் எந்த விசேஷத்துக்கானாலும் வாத்தியார் காரில் போவார், ஊசியம்மா பஸ்ஸில் போவார். பெரும்பாலும் ஊசியம்மா முதலில் போய்ச் சேர்ந்து வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்று கணவரை வரவேற்பார். மற்றபடி நல்ல தம்பதிதான். சமையலறையில் ஒரு சண்டை கிடையாது.

இதற்கு நடுவில் வாத்தியார் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். அவரிடம் கற்றுக்கொண்ட பல் டாக்டர் ஒருவர், கற்ற வேகத்தில் அதை ஒரு சுவரில் கொண்டுபோய் இடித்துவிட்டு, "இது என் கண்ணுல படவே கூடாது" என்று தள்ளிவிட்ட கார். சிவப்பு நிறம், மடித்துப் போடும் துணிக்கூரை, இரண்டே சீட்டு. உள்ளே உட்கார்ந்தால் தரையில் கால் நீட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். காற்றாய்ப் பறக்கவென்று பிறந்த அந்த வண்டியை வாத்தியார் ஞாயிறுதோறும் குளிப்பாட்டி, ஊர் எல்லைவரை ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்புவார். பக்கத்து சீட்டின் மேல் துணிக்கூரை கிழிந்து மழை ஒழுகியது. அந்தப் பக்கம் உட்காரத்தான் ஆள் கிடையாதே என்று கீழே ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு மூடிவிட்டார். விரிப்பின் அடியில் தகரம் என்ன பாடு படுகிறதென்று அவர் குனிந்து பார்க்கவேயில்லை.

புது வீட்டைப் பார்க்க வரச்சொல்லி மகள் போன் செய்தாள். "அப்பா கார்ல ஒரு பக்கம், அம்மா பஸ்ல ஒரு பக்கம்னு வந்து நின்னீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன். ரெண்டு பேரும் ஒரே வண்டியில வரணும், சொல்லிட்டேன்."

"அப்ப அப்பாவை பஸ்ல கூட்டிட்டு வரேன்" என்றார் ஊசியம்மா.

"அவர் பஸ் டிரைவருக்குச் சொல்லிக் கொடுப்பாரும்மா. நடுவழியில ரெண்டு பேரையும் இறக்கி விட்டுடுவாங்க."

அது நடக்கக்கூடியதுதான். ஊசியம்மா ஒரு நாள் யோசித்துவிட்டு நிபந்தனை வைத்தார்.

"சிவப்பு வண்டியிலயே வரேன். ஆனா இப்படிப் போ, அப்படிப் போ, அதைப் பாரு, இதைப் பாருன்னு ஒரு வார்த்தை உங்க வாயில இருந்து வந்துச்சு, அடுத்த பஸ் ஸ்டாப்புல இறங்கிடுவேன்."

"நான்தானே ஓட்டப் போறேன்? உன்கிட்ட எதுக்குச் சொல்லப் போறேன்?"

"சொல்லிக் கொடுக்க உங்களுக்கு ஆள் வேணும்னு அவசியமே இல்லையே."

பெட்டி கட்டும்போது ஊசியம்மாவின் கைப்பையில் ஒரு பஸ் டிக்கெட் இருப்பதை வாத்தியார் பார்த்தார். திரும்பி வருவதற்கு. ஒரே ஒரு ஆளுக்கு.

"இது என்ன?"

"போறது மகளுக்காக. வர்றது எனக்காக."

வாத்தியாருக்கு அது சுருக்கென்று தைத்தது. இந்தக் காரை வாங்கிய நாளிலிருந்து அவர் மனசில் ஒரே ஒரு ஆசை இருந்தது. நீண்ட சாலை, கூரையை மடித்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் அவள். அந்த டிக்கெட்டுக்கு வேலையில்லாமல் போக வேண்டும், வரும்போதும் அவள் இதே சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். அதற்காக வாயைத் தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்.

காலையில் புறப்பட்டார்கள். தெருமுனை தாண்டவில்லை, "கண்ணாடி பாரு, சிக்னல் போடு" என்று ஒரு குரல் கேட்டது. ஊசியம்மா திரும்பினார்.

"யாருக்குச் சொன்னீங்க?"

"எனக்குத்தான். ஓட்டும்போது எனக்கு நானே சொல்லிக்குவேன். பழக்கம்."

"நீங்க உங்களுக்குச் சொன்னாலும் என் காதுலதான் விழுது. இது ஒண்ணு மன்னிச்சேன்."

அதன் பிறகு வாத்தியாரின் உதடு மட்டும் அசைந்தது. ஒரு சிமெண்ட் கலவை லாரி அவர்களை முந்திக்கொண்டு போனது. பிறகு வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று முந்தியது. வைக்கோல் மேல் உட்கார்ந்திருந்த ஆடு அந்த ஸ்போர்ட்ஸ் காரை வெகுநேரம் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே போனது. ஊசியம்மா ஆட்டுக்குக் கையை மட்டும் ஆட்டினார்.

மத்தியானம் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். அந்தக் காரில் ஏறுவது சுலபம், விழுந்தால் போதும். இறங்குவதுதான் வித்தை. வாத்தியார் ஒரு காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து, மூச்சை இழுத்து எழுந்தார். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. உட்கார்ந்த கோலத்திலேயே நின்றார். பெட்ரோல் போடுபவர் அவர் எதையோ தேடுகிறார் என்று நினைத்துக் கூடவே குனிந்து தேடினார்.

"நிமிர முடியலை" என்றார் வாத்தியார்.

ஊசியம்மா அவர் முதுகை அழுத்திப் பார்த்தார். "சதைப் பிடிப்புதான். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா நீங்க ஓட்ட முடியாது."

பங்குக்கு எதிரிலேயே பஸ் ஸ்டாப். மலையூர் பலகை மாட்டிய பஸ் ஒன்று வந்து நின்றது. வாத்தியார் வளைந்த நிலையிலேயே அதைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "வர்றீங்களாம்மா?" என்று கேட்டார். ஊசியம்மா பஸ்ஸைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

"இல்லப்பா, நீ கிளம்பு" என்றார்.

பிறகு கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அவருடைய போட்டோ போட்ட டிரைவிங் லைசென்ஸ். வாத்தியாருக்கு இடுப்போடு சேர்ந்து நாக்கும் பிடித்துக்கொண்டது. எங்கே, எப்போது, யாரிடம் என்று ஆயிரம் கேள்வி தொண்டைவரை வந்தது. ஆனால் அவள் ஏற்கனவே ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சீட்டைச் சரி செய்துகொண்டிருந்தாள். பெட்ரோல் போடுபவர் அவரை மடக்கு நாற்காலியைத் தூக்குவது மாதிரி தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தார்.

சாலை காலியாக இருந்தது. ஊசியம்மா கண்ணாடி பார்த்தார், சிக்னல் போட்டார், கிளம்பினார். கொஞ்ச தூரத்தில் அந்தக் கார், வாத்தியார் கையில் ஒருநாளும் ஏறாத கியருக்கு ஏறியது. எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. அப்படி ஒரு குரல் அதற்கு உண்டென்று இத்தனை வருஷம் குளிப்பாட்டியவருக்கே தெரியாது. வைக்கோல் டிராக்டரை ஒரே மூச்சில் தாண்டினார்கள். ஆடு எழுந்து நின்றது.

வாத்தியாருக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வாயைத் திறக்கவில்லை, அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கால்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. திருப்பம் வந்தால் மிதித்தது, பாலம் வந்தால் மிதித்தது. அங்கே பிரேக் இல்லை, வெறும் ரப்பர் விரிப்புத்தான் என்பது அதற்கு உறைக்கவில்லை. முன்னால் போன சிமெண்ட் லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தபோது, இத்தனை வருஷ அனுபவத்தையும் சேர்த்து ஒரு மிதி மிதித்தார்.

டமாரென்று சத்தம். விரிப்பு கிழிந்து, அடியிலிருந்த துருப்பிடித்த தகரம் பிய்ந்து, கால் முழங்கால்வரை காருக்கு வெளியே போய்விட்டது. குளுகுளுவென்று காற்று அடித்தது. ஷூ கழன்று விழுந்தது.

ஊசியம்மா பதறவில்லை. பூப்போல ஓரம் கட்டி நிறுத்தினார். காலை மெல்ல உள்ளே எடுத்து, திருப்பிப் பார்த்து, கீறல்கூட இல்லையென்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

"நான் ஒரு வார்த்தை பேசலை" என்றார் வாத்தியார் அவசரமாக.

"தெரியும். கால்தான் காது கிழியப் பேசுச்சு."

பின்னால் வந்த டிராக்டர் நடுரோட்டில் கிடந்த ஷூவின் மேல் நிதானமாக ஏறிப் போனது.

"எங்க கத்துக்கிட்ட?" கடைசியில் கேட்டேவிட்டார்.

"எதிர் ஸ்கூல்ல."

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "அந்தத் தூங்குமூஞ்சிகிட்டயா? அவன் என்னத்தைச் சொல்லிக் கொடுத்தான்?"

"ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலை. தூங்கினார்." ஊசியம்மா சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு மனுஷன் என்னை நம்பி, பக்கத்துல உட்கார்ந்து தூங்கறாரு. அவரை எழுப்பிடக் கூடாதேன்னு ஓட்டினேன். அப்படியே வந்துடுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா திருத்துவீங்க."

வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அதை மறைக்க நிமிர்ந்து உட்கார்ந்தவர் திடுக்கிட்டுப் போனார். நிமிர முடிந்தது. மிதித்த மிதியில் இடுப்புப் பிடிப்பு விட்டிருந்தது. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார், இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார், எங்கேயும் வலி இல்லை. சாவி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இடுப்பு எப்படி இருக்கு? நீங்க ஓட்டறீங்களா?"

வாத்தியார் சட்டென்று முன்போல வளைந்துகொண்டார். "ஐயோ, அசையவே முடியலை. நீயே ஓட்டு."

ஊசியம்மா அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். ஓட்டை மேல் பெட்டியைக் கிடத்தி, அதன் மேல் அவர் காலை எடுத்து வைத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. வந்ததும் நான் சொல்றேன்."

மூடிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு காரில் போவது எவ்வளவு பெரிய சாகசம் என்று அவரைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு ஹார்னும் அவருக்காகவே அடிக்கப்பட்டது.

"நீங்க தூங்கலை" என்றது பக்கத்துக் குரல்.

"தூங்கறேனே."

"தூங்கினா குறட்டை விடுவீங்க. எனக்குத் தெரியாதா?"

வாத்தியார் குறட்டை விட ஆரம்பித்தார். நிஜமாகத் தூங்கும்போதுகூட அவ்வளவு மனசு வைத்து விட்டதில்லை. மலையேற்றத்தில் வண்டி திணறி நின்று ஒரு முழம் பின்னால் உருண்டது. 'ஹாண்ட் பிரேக், கிளட்ச், மெதுவா, மெதுவா' என்று உள்ளே ஒரு பாடமே ஓடியது. அவர் இரண்டு கையாலும் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குறட்டையின் சுருதி இறங்காமல் பார்த்துக்கொண்டார். வண்டி உறுமியது, நின்றது, பிறகு அலுங்காமல் மேலே ஏறியது. அதைவிட நேர்த்தியாக அவர் மாணவர் ஒருவர்கூட மேடு ஏறியதில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் வண்டி நின்றது. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மகள் ஓடிவந்து, அம்மா இறங்கும் பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நீயா ஓட்டிட்டு வந்தே? அப்பாவுக்கு என்ன ஆச்சு? ஒத்தைக் காலுல ஷூவைக் காணோம்!"

"இடுப்புப் பிடிப்பாம். காருக்கே அடித்தகரம் பிய்யற மாதிரி உதைச்சவருக்கு இடுப்புப் பிடிப்பாம்." ஊசியம்மா குரலைத் தாழ்த்தவில்லை. "எழுப்பாதே. பாவம், வழியெல்லாம் தூங்கறதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டுட்டார்."

குறட்டை ஒரு கணம் தடுமாறி மறுபடி தொடர்ந்தது.

"இந்த ஊர்ல தகரம் ஒட்டற ஆள் இருந்தா வரச் சொல்லு. வண்டிக்கு அடி போடணும்" என்றார் ஊசியம்மா. கைப்பை திறக்கும் சத்தம் கேட்டது. "அப்புறம், இந்த டிக்கெட்டை கேன்சல் பண்ணிடு."

குறட்டை நின்றுபோயிற்று.