பீரோவுக்குள் மீல்மேக்கர்

போன சனிக்கிழமை என் மகளின் கல்யாணம் ஒரு குழம்புச் சட்டியில் தத்தளித்தது. சிரிக்காதீர்கள்... எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

புரட்டாசி மாதம். எங்கள் வீட்டிலும் சரி, நிச்சயம் முடிந்திருக்கும் காரமடை மாப்பிள்ளை வீட்டிலும் சரி, பெருமாளுக்காக மாதம் முழுக்கக் கறி கிடையாது. நாக்கு கேட்குமா? அதற்காகவே என் மனைவி சோயாவில் செய்த மீல்மேக்கரை வாங்கி, பட்டை, கிராம்பு, கசகசா, தேங்காய் எல்லாம் அரைத்துவிட்டு, அசல் கறிக்குழம்பு போலவே வைப்பாள். தெருமுனை வரை மணக்கும்.

அன்றும் மணந்தது. அப்போது பார்த்து வாசலில் சம்பந்திகள்! மகளின் அளவு ஜாக்கெட் வாங்க வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு டெலிபோன் இன்னும் வரவில்லை. சொல்லிவிட்டு வர வழியும் இல்லை.

புரட்டாசிச் சனிக்கிழமை கறிவாசம் வீசும் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? 'இது சோயாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, பீரோவுக்குள் வைத்து மூடினேன்!

"ஏனுங்க சம்பந்தி, இப்படி வேர்க்குது?"

"வெயிலுங்க..."

வெளியே தூறிக்கொண்டிருந்தது.

விஷயம் தெரியாத மனைவி, ஜாக்கெட் எடுக்கப் பீரோவைத் திறந்தாள். பக்கத்திலேயே சம்பந்தியம்மா. பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஆவி பறக்கும் சட்டி!

சம்பந்தியம்மாவின் முகம் இறுகியது. "ஏனுங்கண்ணா... புரட்டாசியில கறியாக்கிப் போட்டு, ஒளிச்சு வேற வெப்பீங்களா?"

"சத்தியமாக் கறி இல்லீங்க! சோயாங்க!"

"சோயாவை எதுக்குங்க பீரோவுல வெக்கறீங்க?"

மகள் கதவோரம் அழத் தயாராக நின்றாள்.

என் மனைவிதான் சுதாரித்தாள். "நானும் விரதந்தானுங்க. பாருங்க..." என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"எங்கிட்டயும் ஒண்ணு கொடுங்க அம்மணி" என்றார் சம்பந்தி. கறி இல்லாமல் சோறு இறங்காத மனிதர். மசாலா வாசத்தை இழுத்து மூக்கில் நிரப்பிக்கொண்டார். கண்ணில் ஒரு நப்பாசை. மென்றார்... மென்றார்... முகம் அப்படியே தொங்கிப்போனது.

"கறி இல்ல. கறிக்குக் கிட்டக்கூட வராது. ரப்பரைக் கடிச்சாப்பல இருக்குதுங்க."

அந்த ஏமாற்றத்தை எந்த நடிகனாலும் நடித்துக் காட்ட முடியாது. சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். சம்பந்தம் பிழைத்தது.

என் மனைவி மட்டும் அந்த 'ரப்பருக்காக' சம்பந்தியை இன்னும் மன்னிக்கவில்லை!