அம்மா இல்லாத தாள்

நனைந்த கோணியில் ஒட்டிய நிலக்கரித் தூளின் வாடை இன்றும் எங்கிருந்தாவது மூக்கில் பட்டால், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகளின் வரிசை வீடுகளான லைனில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையின் வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றபடி தெருக்கோடி வரை கேட்கும்படி என்னை "மூதேவி" என்று கூப்பிடும் அம்மாதான் நினைவுக்கு வருகிறாள். கோபம் இல்லாத வேளையிலும் அம்மாவுக்கு நான் மூதேவிதான்.

அப்பா கொட்டகையில் ரயில் இன்ஜின் கழுவுகிறவர். அந்தக் கொட்டகைக்குப் பின்னால், இன்ஜின்களிலிருந்து வாரிக் கொட்டிய சாம்பல் மேடாகக் குவிந்திருக்கும். அதில் அரைகுறையாக எரிந்து கிடக்கும் கரித்துண்டுகளைப் பொறுக்கி, வண்ணார் வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொண்டுபோய்ப் போடுவது அம்மாவின் பிழைப்பு. "ஜாகா" என்று நாங்கள் சொல்லும் காவல்காரர் விரட்டினால் மற்றப் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அம்மா ஓடமாட்டாள். அந்த மனிதருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது என்பதைப் பொருட்படுத்தாமல் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டுவாள். கூடவே கரி பொறுக்கும் அஞ்சலை அக்காள்தான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டும். அம்மாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பு; அந்தக் குழிகளில் இறங்கிய கரி எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாது.

நான் மிஷன் பள்ளியில் படித்தேன். தமிழில் கட்டுரை எழுதினால் வகுப்பில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தப் பெருமைக்குக் கரி பொறுக்கும் அம்மா ஒத்துவரவில்லை. அம்மா துணி தைக்கிறாள் என்று தோழிகளிடம் அளந்துவிட்டிருந்தேன். ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில், தலையில் கோணியோடு அந்த வழியாகப் போன அம்மா, "ஏ மூதேவி, தம்பி அழுவுறான், வெரசா வந்து சேரு!" என்று கத்தினாள். யார் அது என்று பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள். "எங்கள் லைனில் இருக்கிற யாரோ" என்றேன். அம்மாவுக்குக் காது கூர்மை. அன்றைக்கு முழுக்க அவள் என்னைத் திட்டவே இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதும்போது இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பத்தாம் நாள் போய்விட்டாள். கடைசியாக அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை, "கோணிய நனைய விட்டுட்டியாடி மூதேவி" என்பதுதான். எனக்கு அப்போது பதினொரு வயது, தம்பி மாரிக்கு இரண்டு.

அக்காலத்தில் கொஞ்சம் வசதியான வீடுகளில் சாவு விழுந்தால், இறந்தவரைப் புகழ்ந்து பாட்டெழுதி, கறுப்புக் கட்டம் போட்ட மெல்லிய தாளில் அச்சடித்துக் கருமாதியன்று வாசித்துக் கொடுப்பார்கள். நாங்கள் அதைச் "சாவுத்தாள்" என்போம். எழுத்து அழகுக்காக அந்தத் தாள்களைச் சேர்த்துப் புத்தகத்துக்குள் வைத்திருப்பேன். அப்பா என்னைக் கூப்பிட்டு, "உங்கம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்ல. நாளைக்கு எங்கம்மா எப்படி இருந்தாங்கன்னு தம்பி கேட்டா, ஒரு தாளத்தான் காட்டணும். நீதான் படிச்ச புள்ள. நல்லா எழுதும்மா" என்றார்.

நன்றாகத்தான் எழுதினேன். சேர்த்து வைத்த தாள்களையெல்லாம் பரப்பிக்கொண்டு, பெரிய கிளார்க் வீட்டம்மாள் தாளிலிருந்து முகத்தையும், துணிக்கடைக்காரர் மனைவி தாளிலிருந்து பேச்சையும் எடுத்துக் கோத்தேன். "தாமரை முகத்தாள், தண்மொழி உரைத்தாள், பூமியும் நோகாப் பொறுமையில் நடந்தாள்" என்று ஓடியது அந்தப் பாட்டு.

கருமாதியன்று லைன் வாசலில் நின்று வாசித்தேன். ஆண்கள் தலையாட்டினார்கள், அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எனக்கு உள்ளுக்குள் கர்வம் தாங்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அஞ்சலை அக்காள் கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தணிந்த குரலில், "நல்லாத்தான் இருக்குது புள்ள. நம்ம காத்தாயியப் பத்தி எப்பப் படிப்பே?" என்றாள்.

கேலி இல்லை. காத்தாயி என் அம்மாவின் பெயர்; அவளுக்கென்று இன்னொரு தாள் வரப்போகிறது என்று உண்மையிலேயே நம்பி அந்தப் பெண் காத்திருந்தாள். "அவ்வளவுதான் அக்கா" என்றேன்.  அவள் "சரி" என்று சொல்லிவிட்டுச் சோற்றுப் பானையைப் பார்க்க எழுந்து போனாள்.

அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை. பள்ளி ஆசிரியையாகக் கிள்ளானுக்கு வந்து, தமிழ்ப் பத்திரிகைகளில் கதையும் கட்டுரையும் எழுதி, நடை அழகு என்று நாலு பேர் மெச்சினாலும், அச்சில் வந்ததைப் படிக்கும்போதெல்லாம் இதில் எங்கள் லைனைச் சேர்ந்த ஒருவராவது தன்னை அடையாளம் காண்பாரா என்ற கேள்விதான் வரும். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான், சென்ற மாதம், சாம்பல்மேட்டையும் அம்மைத் தழும்பையும் ஜாகாவுக்கு விழுந்த திட்டுகளையும் பள்ளி வாசலில் நான் சொன்ன பொய்யையும் ஒன்றுவிடாமல் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். எழுதும்போது எந்த வார்த்தையையும் தேட வேண்டியிருக்கவில்லை. இவளுடைய மகள்தான் நான், இந்த வாய்தான் எனக்கும் என்று ஒப்புக்கொண்டபோது அழுதேன்.

இன்று பிரிக்பீல்ட்ஸில் அந்தச் சாம்பல்மேடு இல்லை, நிரவிப் பாதை போட்டுவிட்டார்கள். லைனை இடித்துவிட்டார்கள். அப்பா போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. தொழில் முடங்கி யாருக்கும் வேலையில்லாமல் போன காலத்தில் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிய அஞ்சலை அக்காளிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அம்மாவைக் கண்ணால் கண்டு நினைவில் வைத்திருப்பவர்களில் எனக்குத் தெரிந்து இங்கே மிச்சமிருப்பது நான் ஒருத்திதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மாரி வந்தான். அவன் வீட்டில் அந்தச் சாவுத்தாளைக் கண்ணாடி போட்டு மாட்டி விளக்கேற்றுகிறான். வேலைக்குச் சேர்ந்த அன்றும் தாலி கட்டப் போன அன்றும் அதன் முன்னால்தான் விழுந்து கும்பிட்டான். கையில் நான் எழுதியது வந்திருந்த பத்திரிகையை மடித்து வைத்திருந்தான்.

"எங்கம்மாவ ஏன்க்கா ஊர் சிரிக்க எழுதுன?"

"அவங்க அப்படித்தான்டா இருந்தாங்க."

அவன் சத்தம் போடவில்லை. "அது நீ பாத்த அம்மாக்கா. எனக்கு நீ எழுதிக் குடுத்த அம்மா மட்டுந்தான் இருக்காங்க. அவங்களையும் எடுத்துக்காத" என்றான்.

அவன் கும்பிடும் முகம் ஒரு கிளார்க் வீட்டம்மாளுடையது என்று அவனை நேரே பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால்தான் அதையும் சேர்த்து இப்போது இதை எழுதினேன். முதல் பிரதி அவனுக்குத்தான் போகும். படித்து முடித்தால் அந்த அம்மாவும் அவனுக்கு இருக்கமாட்டாள். அது தெரிந்தேதான் அனுப்புகிறேன்.