கட்டிலருகே நின்ற பந்தய சைக்கிள்

1959 ஜூன் மாத நாட்குறிப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "சைக்கிள் கிடைக்கவில்லை."

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் கணக்கராக இருந்த ஒல்லியான பாலக்காட்டுக்காரர் தம் சீமைப் பந்தய சைக்கிளை விற்கவிருந்தார். ஞாயிறுதோறும் ஆலுவா வரை ஓட்டுவார். உப்புக்காற்றில் துருப்பிடிக்குமென்று கட்டிலருகே நிறுத்தி, தினமும் எண்ணெய்த் துணியால் துடைப்பார். மனைவி வெறுத்துத் திருப்பூணித்துறையிலுள்ள பிறந்தகத்துக்குப் போய்விட்டார். சைக்கிள் வீட்டைவிட்டுப் போனால்தான் வருவாராம்.

"எங்க வெப்பீர், ஓய்?" என்று, வாங்கப் போன என்னைக் கேட்டார் கணக்கர்.

"வராந்தாவிலே. சாக்கு போட்டு மூடிடறேன்."

"இந்த மழையிலயா?"

"சைக்கிள்தானே ஓய்!"

முன்சக்கரத்தை மெல்லச் சுழற்றினார். "சாயா குடிச்சுட்டுப் போம். இது விக்கறதுக்கில்லே."

"அப்போ மாமி?"

"அவளுக்கு அங்க நல்ல கூரை இருக்கு."

மழைக்காலம் முடிந்து மாமி திரும்பியதாகக் கேள்வி. அப்போது சைக்கிள் எங்கே நின்றது என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.